பொன்னாயி கேட்ட கொடி ரோஜா

அண்ணாதுரைக்கு வலது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. முப்பத்தொரு வயதில் ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் மிஷினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பழம் அடைத்துக்கொண்டது. யாரோ மிஷினை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துக் கையை விட்டார். யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அதே எஸ்டேட்டில் அவரைக் கேட்டில் வாட்ச்மேனாக நிறுத்தினார்கள். இருபத்திரண்டு வருஷம் நின்றார். பேச்சு முன்பே குறைவு. கேட்டில் நின்று நின்று இன்னும் குறைந்துபோனது.

அவர் மனைவி பொன்னாயி அந்த எஸ்டேட்டிலேயே களை வெட்டிப் பழம் பறித்தவள். இரண்டு பேருடைய தாத்தாமாரும் தருமபுரிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். கை போன பிறகு அவரால் என்ன முடியும், என்ன முடியாது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்தாள். இடது கையால் சாப்பிட வேண்டியிருந்ததால் விசேஷ வீடுகளில் பந்தியில் உட்கார அவர் கூசுவார்; வாசலிலேயே நின்றுவிடுவார். அவளும் பந்திக்குப் போகாமல் மொய்யை எழுதிவிட்டுத் திரும்பிவிடுவாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் பழைய ரசத்தைச் சுடவைத்துச் சாப்பிடுவார்கள். ஒரே மகன் பாலகுமாரின் கல்யாணத்தில்கூட இரண்டு பேரும் பந்தியில் உட்காரவில்லை.

எஸ்டேட் வேலை முடிந்ததும் செம்மநத்தம் போகிற ரோட்டோரமாக இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டுச் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே இரண்டு முழ அகலத்துக்கு மண் இருந்தது. வெயில் காலையில் வந்து மத்தியானம் வரைக்கும் அங்கே நிற்கும். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் பொன்னாயி ஒருநாள் சொன்னாள்:

"ஏனுங்க, பங்களாவுல போர்டிகோ மேல ஏறியிருக்குமே, அந்த மாதிரி ஒரு கொடி ரோஜா வெச்சா என்னங்க?"

எஸ்டேட் பங்களாவில் வாசல் கூட்டப் போகும்போதெல்லாம் அவள் பார்த்த கொடி அது. கூரையையே மூடியிருக்கும்.

"அது ஏறுனா நாம எந்த வழியா ஊட்டுக்குள்ள போறது?" என்றார் அண்ணாதுரை.

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவரோ இரண்டு நாள் அதையே யோசித்தார். அவள் அவரிடம் எதையுமே கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்றாம் நாள் ஏற்காட்டுக்கு பஸ் ஏறிப்போய் ஒரு நர்சரியில் விசாரித்தார். நர்சரிக்காரர் ஒரு பை நாற்றை எடுத்துக் காட்டினார்.

"இது குட்டைச் சாதிக் கொடிங்க. ஆளு ஒசரத்துக்கு மேல ஒரு முழந்தான் போகும். சின்னச் செவுரு, கேட்டு, இதுக்கெல்லாம் இதுதான் சரி. ஒட்டுக் கட்டுன செடிங்க. இந்தா, முடிச்சு மாதிரி இருக்கு பாருங்க, இதுக்கு மேல இருக்கிறதுதான் நம்ம ரோஜா. கீழ இருக்கிறது காட்டு ரோஜா வேரு. கீழயிருந்து எது தளுத்தாலும் உடாதீங்க, அடியோட பிச்சு எறிஞ்சிருங்க. இல்லீன்னா அது மேல இருக்கிறதத் தின்னுபோடும்."

முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, மக்கிய காப்பித் தோலும் சாணமும் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நட்டார்கள். சுவரில் ஆணி அடித்து மூன்று வரிசை கம்பி இழுத்தார்கள். முதல் வருஷம் இலைதான். இரண்டாம் வருஷம் நெட்டுக்கு வளர்ந்து உச்சியில் மட்டும் நாலு பூ வைத்தது. மறுபடி நர்சரிக்குப் போய்க் கேட்டபோது, தண்டை நிமிர விடாமல் படுக்கைவாட்டில் வளைத்துக் கம்பியோடு கட்டச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் கணுவுக்குக் கணு கிளை வெடித்துப் பூக்குமாம்.

அதன்பிறகு ஒவ்வொரு தை மாதமும் அது அவர்களுக்கு ஒரு வேலையாக ஆனது. பழைய குச்சிகளைக் கத்தரித்துக் கவாத்து செய்துவிட்டு, புதுத் தண்டுகளை ஒவ்வொன்றாக வளைப்பார்கள். அவர் இடது கையால் வளைத்து, மொட்டைக் கையால் சுவரோடு அழுத்திப் பிடிப்பார். அவள் வாழைநாரால் கட்டுவாள். இறுக்கிக் கட்டாதே என்பார் அவர். உங்க வேலையப் பாருங்க என்பாள் அவள். நாள் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் இவ்வளவுதான். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாம் வருஷம் சித்திரையில் அது பூத்தது. பழுத்த கொய்யாவின் உள்சதை நிறம். கொத்துக்கு எட்டு, பத்து. சுவரே தெரியவில்லை. ஊர் சுற்ற வந்தவர்கள் காரை நிறுத்தி அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பொன்னாயி உள்ளே இருந்தபடி ஜன்னல் வழியாக அவர்களைப் பார்ப்பாள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஒரு கூடை பறித்துக் கொடுத்தனுப்பினாள். தன் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு சசிகலாவைக் கூப்பிட்டு அவள் தலையில் தினமும் ஒரு கொத்து வைத்துவிடுவாள். சசிகலா ஒரு ஹோம்ஸ்டேயில் ரூம் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவள், முப்பது வயது, பொன்னாயியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

நான்கு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு பொன்னாயிக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் முகமும் வீங்கியது. சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியதில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணியாக வேண்டும். ஊசி குத்துவதற்காக அவள் இடது கையில் ரத்தக்குழாய் இரண்டை இணைத்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் கையை வைத்தால் உள்ளே பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு இருக்கும். அங்கே நர்ஸாக இருந்த மரியபுஷ்பம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்:

"இந்தக் கையில வெயிட்டு தூக்கக்கூடாதுங்க்கா. தலைக்குக் குடுத்துப் படுக்கக்கூடாது. கத்தி, முள்ளு எதுவும் பட்றக்கூடாது. பட்டா ரத்தம் லேசுல நிக்காது."

"எங்கூட்டுல ரோஜாச் செடி இருக்குதுங்க" என்றாள் பொன்னாயி.

"அத வேற யாராச்சும் பாத்துக்கட்டும்."

அந்தத் தை மாதம் அண்ணாதுரை கவாத்துக் கத்தரியை வெளியே எடுக்கவே இல்லை. பொன்னாயி தானே எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். இடது கையை முந்தானையில் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"உள்ள போ புள்ள. ஒரு வருசம் கட்டாம இருந்தா ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு ஒண்ணு இருக்குது, எனக்கு ஒண்ணு இருக்குது. வாங்க."

அவர் மொட்டைக் கையால் தண்டை அமுக்கிப் பிடித்தார். நாரின் ஒரு நுனியை அவர் இடது கையும் மறு நுனியை அவள் வலது கையும் பிடித்துக்கொண்டன. முதல் முடிச்சு போடுவதற்குள் தண்டு மூன்று முறை நழுவி அவர் தோளில் அடித்தது. இப்புடிக் குடுங்க, அப்புடி இல்ல, அடியால வாங்க என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலாவது தடவை தண்டு அவர் காதில் அடித்தபோது பொன்னாயி சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மணி நேர வேலை மத்தியானம் வரைக்கும் இழுத்தது. வேலைக்குப் போய்விட்டு வந்த சசிகலா, ஏனுங்ணா நீங்க சிரிச்சு இப்பத்தானுங்க பாக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷமும் செடி நன்றாகப் பூத்தது.

ஆனால் மலையிறங்கி ஏறுவது பொன்னாயியைத் தின்றுகொண்டிருந்தது. விடியற்காலை பஸ். இருபது கொண்டை ஊசி வளைவு. மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தபடியே இறங்குவாள். நாலு மணி நேரம் மிஷினோடு கிடந்துவிட்டு, சாயங்காலம் அதே வளைவுகளில் ஏறுவாள். வீடு வந்து சேர்ந்தால் மறுநாள் முழுக்க எழுந்திருக்க மாட்டாள். எழுந்து நடமாட ஆரம்பிப்பதற்குள் மீண்டும் பஸ்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த நாளும் வழி திறக்கவில்லை. பொன்னாயியால் படுக்க முடியவில்லை; உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். சசிகலாவின் புருஷன் ஒரு காரைப் பிடித்துவந்து குப்பனூர் வழியாகச் சுற்றி இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தான். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

ஓசூரில் கம்பெனி வேலையிலிருக்கும் பாலகுமார் லீவு போட்டு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே சேலத்தில் ஒரு ரூம் பார்த்தான். மார்கழி பிறந்ததும் அங்கே குடிபோனார்கள். வீட்டுச் சாவி சசிகலாவிடம் போயிற்று. செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்து கண்ணு என்று பொன்னாயி சொன்னாள். அடியில் தளிர்த்தால் பிடுங்கச் சொல்ல வேண்டும் என்று அண்ணாதுரைக்குக் கார் ஏறும்போது ஞாபகம் வந்தது. நாலு நாளில் போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியும் மாத்திரையும் கஞ்சியுமாக நாட்கள் ஓடின.

ரூம் மொட்டை மாடியில், தகரக் கூரை போட்டது. மாசி பாதியிலேயே அனல் இறங்கியது. பொன்னாயி ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. அண்ணாதுரை காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பார். அவள் பத்து மணிக்கே பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நனைத்த துணியால் அவள் உதட்டைத் துடைத்துவிடுவார். அவள் எதிரில் தண்ணீர் குடிக்க மனசு வராமல், கீழே தெருக்குழாய்க்குப் போய்க் குடித்துவிட்டு வருவார்.

"நம்மூருல தாகமே எடுக்காதுங்க" என்பாள் அவள்.

பங்குனி கடைசியில் ஒருநாள், மிஷினிலிருந்து திரும்பி வந்து படுத்திருந்தவள் சொன்னாள்:

"ஏனுங்க, நாம மேல போயிரலாம்."

"ஞாயித்துக்கெழம கார் வெச்சுப் போயிட்டு வரலாம்."

"திரும்பி வர வேண்டாமுங்க."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். ஏற்காடு பஸ் ஒன்று கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பொழுது சாய வந்தபோது அவள் அதே மாதிரிப் படுத்திருந்தாள்.

"நான் ஒத்தக் கையி. என்னய உட்டுப்போட்டுப் போறதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்றார். அவர் அவளிடம் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை.

பொன்னாயி இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தாள். முழங்கைக்கு மேலும் கீழும் கயிறு கயிறாகப் புடைத்து, குத்திய இடமெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

"எனக்குக் கை நொம்ப வலிக்குதுங்க" என்றாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பாலகுமார் வந்து அழுதான், கெஞ்சினான், அப்பாவிடம் கோபப்பட்டான். நீங்களாச்சும் சொல்லக்கூடாதுங்களா என்று கேட்டான். நாலு மாசமா உங்கம்மா தண்ணிக்கு ஏங்குறதப் பாத்துட்டேன் சாமி என்றார் அவர். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். மிஷினை நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம் என்றார். பொன்னாயி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஆஸ்பத்திரிப் பேப்பரில் அண்ணாதுரை இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

காரில் மலையேறியபோது அவள் வாந்தி எடுக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தில் காற்று படும்படி சாய்ந்திருந்தாள்.

வீட்டு வாசலில் சசிகலா காத்துக்கொண்டிருந்தாள். பாலகுமார் அம்மாவைத் தாங்கி இறக்கினான். சசிகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைக் காட்டினாள்.

"பாருங்க்கா, உங்க ரோஜாவ. கூரை தொட்டிருச்சு. ஒரு நாள்கூட தண்ணி ஊத்தாம உட்டதில்லீங்க. நானேதான் கயிறு போட்டுக் கட்டுனேன்."

அண்ணாதுரை பார்த்தார். பென்சில் தடிமனில் வெளிறிய பச்சையாக ஏழெட்டுத் தண்டுகள் நேராக மேலே போய்க் கூரையில் மடிந்து கிடந்தன. இலைகள் சிறுசிறுசாக, ஒரு காம்புக்கு ஏழு ஏழாக இருந்தன. சித்திரை பிறந்தும் ஒரு மொட்டில்லை. அவற்றுக்குப் பின்னால், கம்பியோடு நார் போட்டுக் கட்டியிருந்த பழைய தண்டுகள் காய்ந்து விறகாக நின்றன. ஒன்றே ஒன்றில் மட்டும் அடியில் கொஞ்சம் பச்சை இருந்தது. காட்டு ரோஜா கீழேயிருந்து கிளம்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

அவர் வாயைத் திறப்பதற்குள் பொன்னாயி சசிகலாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"நல்லா வளத்தியிருக்கற கண்ணு" என்றாள்.

உள்ளே கட்டிலில் படுக்கவைத்த பிறகு, சசிகலா காப்பி போடப் போயிருந்தபோது, மெதுவாகச் சொன்னாள்:

"அது ஒட்டுக்குக் கீழ வந்ததுங்க."

"தெரியும். ஒரு தண்டுல உசுரு இருக்குது. காட்டுத் தண்டையெல்லாம் இன்னைக்கே பிடுங்கிட்டா மேல வந்துரும்."

"வேண்டாமுங்க. அவ தெனமும் வருவா. பிடுங்குனா ஏன் எதுக்குன்னு கேப்பா. நாலு மாசம் ஊத்தி வளத்தியிருக்கறா, மனசு ஒடிஞ்சு போயிரும். அப்பறமாப் பாத்துக்கலாம்."

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்துவைத்தார்.

அவள் பதினோரு நாள் இருந்தாள். முதல் இரண்டு நாளும் கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தார். செம்பு செம்பாகக் குடிக்கப்போகிறாள் என்று நினைத்தார். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றாள். சசிகலா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். குளிப்பாட்டினாள், புடவை மாற்றினாள், தலை வாரினாள். செவ்வாய்க்கிழமை மரியபுஷ்பத்திடமிருந்து போன் வந்தது. அன்றைக்கு அவள்தான் டியூட்டி. சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள் என்றாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அக்கா எப்புடி இருக்காங்க என்று கேட்டாள். தூங்கறாளுங்க என்றார் அண்ணாதுரை. சரிங்கண்ணா, அக்கா படுக்கற பெட்டை வேறொருத்தருக்குக் குடுத்துட்டாங்க, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டாள்.

எட்டாம் நாளுக்குப் பிறகு பொன்னாயிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. பழம் பறிக்கக் கூடை கேட்டாள். கணக்கு எழுதும் ரைட்டர் வந்துவிட்டாரா என்று கேட்டாள். பதினோராம் நாள் காலையில் பனி விலகி வெயில் வந்த நேரத்தில் மூச்சு நின்றது. அப்போது அவளுடைய வலது கை அவர் இடது கைக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுந்து கதவைத் திறந்து யாரையாவது கூப்பிட வேண்டும். அவருக்கு இருந்தது அந்த ஒரு கைதான். சசிகலா தானாக உள்ளே வரும் வரைக்கும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காரியம் முடிந்து பாலகுமார் ஓசூருக்குக் கூப்பிட்டான். பொறகு பாக்கலாம் சாமி என்று அனுப்பிவைத்தார். சசிகலா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் நாள், அவள் போன பிறகு, கத்தரியை எடுத்துக்கொண்டு செடியிடம் போனார். காட்டுத் தண்டுகளை விலக்கிவிட்டு அந்த ஒரு தண்டைத் தேடினார். அடியில் பச்சையாக இருந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். உள்ளே பழுப்பாக இருந்தது. கொஞ்சம் கீழே சுரண்டினார். அங்கேயும் பழுப்பு. ஒட்டு முடிச்சு வரைக்கும் சுரண்டிப் பார்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வந்த அன்றைக்கே பிடுங்கியிருந்தால் பிழைத்திருக்கும். அவள் வேண்டாம் என்று சொன்னாள், அவர் கேட்டார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். செய்திருக்கலாம் என்றும் ஒரு எண்ணம் வந்துகொண்டே இருந்தது. ரோட்டில் போன யாரோ, என்னங்க கீழ உக்காந்துட்டீங்க என்று கேட்டதும் எழுந்தார்.

காய்ந்த தண்டுகளை மட்டும் அறுத்தெடுத்து அடுப்புக்குப் போட்டார். காட்டு ரோஜாவைப் பிடுங்கவில்லை. அதற்குக் கட்டும் வேண்டாம், கவாத்தும் வேண்டாம். அது தன்பாட்டுக்குக் கூரை மேல் ஏறிப் படர்ந்தது. சசிகலா காலையில் வேலைக்குப் போகுமுன் அதற்கு ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போவாள். அப்படியே அவருக்கு இரண்டு தோசையும் வைத்துவிட்டுப் போவாள்.

அடுத்த சித்திரையில் அது பூத்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பூ, ஒற்றை அடுக்கு, கொத்துக் கொத்தாக. பத்து நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும் சாதி. முதல் கொத்தைப் பார்த்த அன்றைக்கு சசிகலா வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, அக்கா வெச்சது ரோஸ் கலருதானுங்களே? இப்ப வெள்ளையா வந்திருக்குது?"

அண்ணாதுரை வெளியே வந்து பார்த்தார்.

"சில வருசம் அப்புடித்தான் அம்மிணி. மண்ணுக்குத் தக்கன மாறும்" என்றார்.

"நாந்தான் ஏதோ தப்பா வளத்திட்டனோன்னு பயந்துட்டேனுங்க."

"அதெல்லாம் இல்ல. நீ நல்லாத்தான் வளத்தியிருக்கற."

அவள் ஒரு கொத்தைக் கிள்ளித் தலையில் செருகிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அவர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டு, தோசை ஆறிப்போகும் என்று உள்ளே போனார்.